அது திமிர் இல்லை... பயம்!

மனசு சரியில்லை என்றால், "ஒரு தடவை அண்ணாமலைக்குப் போயிட்டு வா" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அப்படி வருகிறவர்களில் பலர் பெரிய கோயிலில் தரிசனம் முடித்த கையோடு செங்கம் சாலையில் இருக்கும் ரமணாசிரமத்துக்கும் வந்துவிடுவார்கள். உள்ளே பழைய இலுப்பை மரம், மயில்கள், கண்மூடிப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். வெளியே காபிக் கடை, பழக்கடை, காவி கட்டிய சாமியார்கள், சைக்கிளில் போகும் வெளிநாட்டுக்காரர்கள். பவுர்ணமி வந்துவிட்டால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள்தான் தெரியும்.

இத்தனை பேர் நிம்மதி தேடி வருகிற அந்தத் தெருக்களுக்குப் பின்னால்தான் ஊர்ப் பிள்ளைகளும் வளர்கிறார்கள். பூக்கட்டும் அம்மா, ஆட்டோ ஓட்டும் அப்பா, கட்டட வேலைக்குப் போகும் அண்ணன் என்று அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் வீடுகள் அங்கே நிறைய. கூட்டம் வந்தால் காசு. கூட்டம் இல்லையென்றால் கடன். அந்த வீட்டுப் பிள்ளைகளின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இத்தனைக்கும் அந்த இடத்தின் கதையே ஒரு பையனிடமிருந்து தொடங்கியதுதான்.

கல்லெறிந்தவர்களும் காவல் நின்றவரும்

திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமனுக்கு 12 வயதாகும்போது அப்பா இறந்துபோனார். குடும்பம் பிரிந்தது. அண்ணனோடு மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். 16 வயதில், யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அவர்தான் பிற்பாடு உலகம் அறிந்த ரமண மகரிஷி.

பக்தர்களுக்கு அந்த மௌனம் ஞானம். அதை வேறு பெயர் சொல்லி அழைக்க இங்கே அவசியமில்லை. ஆனால் அந்த மௌனத்தைப் பார்த்த ஊர் எப்படி நடந்துகொண்டது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அங்கே விளையாடித் திரிந்த சிறுவர்கள் அவர் மேல் கல்லையும் ஓட்டுச் சில்லையும் எறிந்தார்கள். தொல்லை தாங்காமல் அவர் இருட்டான பாதாள லிங்கச் சந்நிதிக்குள் போய் உட்கார்ந்தார். அங்கே பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண்ணானது. சேஷாத்ரி சுவாமிகள் போன்ற சிலர் அருகில் வந்து நின்றார்கள். கல்லெறிந்தவர்களைத் தடுத்தார்கள். அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், வாயில் சோறு ஊட்டினார்கள்.

கல்லடி பட்டவர் 16 வயதுப் பையன். கல்லெறிந்தவர்களும் சின்னப் பையன்கள். நடுவே வந்து நின்றவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளையும் வன்முறையையும் பற்றிப் பேசும்போது இந்த மூன்று தரப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

உடம்பு நிற்கும் காவல்

ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வயது. அப்பா குடித்துவிட்டு எந்த நேரம் வருவார் என்று தெரியாது. வந்தால் அம்மாவை அடிப்பார். சில ராத்திரிகளில் பக்கத்துச் சந்தில் கத்திச் சண்டை, போலீஸ் ஜீப் சத்தம். அந்தப் பையன் பாயில் படுத்திருப்பானே தவிர, தூங்க மாட்டான். காது மட்டும் வாசலில் இருக்கும். செருப்புச் சத்தத்தை வைத்தே அப்பா இன்று எந்த நிலையில் வருகிறார் என்று சொல்லிவிடுவான்.

ஆபத்து வருகிறது என்றால் நம் உடம்பு தானாகத் தயாராகும். இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கும். ஓட வேண்டும் அல்லது அடிக்க வேண்டும், அதற்கான ஏற்பாடு அது. ஆபத்து போனதும் உடம்பு அடங்கிவிட வேண்டும். தினமும் ஆபத்து என்றால் அடங்குவதற்கு இடைவெளியே கிடைக்காது. ராத்திரி முழுக்கக் காவல் நின்ற உடம்பு, காலையில் வகுப்பறையிலும் காவலை விடாது.

அப்போது என்ன நடக்கும்? பின்னால் ஒரு பெஞ்ச் விழுந்தால் மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். இவன் துள்ளி எழுந்துவிடுவான். யாராவது தோளில் கை வைத்தால் கையைத் தட்டிவிடுவான், சில சமயம் அறைந்தும்விடுவான். கணக்கு வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். தூங்கி விழுவான். "திமிரு பிடிச்சவன்", "கவனமே இல்ல", "இதுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்று நாம் பட்டம் கொடுத்துவிடுவோம்.

பெண் பிள்ளைகளிடம் இது வேறு மாதிரி வரும். எட்டு வயதிலேயே தம்பியைக் குளிப்பாட்டி, சோறு வைத்து, அம்மா முகம் வாடாமல் பார்த்துக்கொள்ளும் பெண்ணை "ரொம்ப சமத்து" என்று கொண்டாடுகிறோம். அந்த சமத்துக்கு உள்ளே எவ்வளவு பயம் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காரணமே இல்லாத வயிற்று வலி, திடீரென்று மறுபடியும் பாயை நனைப்பது, பள்ளிக்கூடம் என்றாலே காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு என்று உடம்பு வழியாகத்தான் அது வெளியே வரும். 'மனசு கஷ்டமா இருக்கு' என்று சொல்லத் தெரியாத வயதில் வயிறுதான் பேசும்.

சண்டை தன் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பிள்ளைகளைப் பற்றி சமூகவியலாளர் பேட்ரிக் ஷார்க்கி 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தங்கள் பகுதியில் ஒரு கொலை நடந்து ஒரு வாரத்துக்குள் தேர்வு வைக்கப்பட்ட கறுப்பினப் பிள்ளைகள், அதே பகுதியில் வேறு நாட்களில் தேர்வு எழுதியவர்களைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்திருந்தார்கள். அவர்கள் கொலையை நேரில் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தெருவில் பரவிய பயமே போதுமாக இருந்தது.

கடன்காரர் கதவைத் தட்டும்போது

இதில் வறுமைக்கு என்ன பங்கு? 'ஏழை வீடு என்றாலே சண்டைதான்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. பாசமும் ஒழுங்கும் நிறைந்த ஏழை வீடுகளும் உண்டு, பிள்ளைகளை நடுங்கவைக்கும் பணக்கார வீடுகளும் உண்டு. ஆனால் பணமில்லாமை பெற்றவர்களின் மனசை எப்படிப் பிழிகிறது என்பதற்கு உலகப் புகழ்பெற்ற ஓர் ஆய்வு இருக்கிறது. அது நடந்ததே விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்புத் தோட்டங்களில்தான்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 464 சிறு கரும்பு விவசாயிகளை இரண்டு முறை சந்தித்தார்கள். ஒரு முறை அறுவடைக்கு முன்பு. நகை அடகில், கையில் காசில்லை, கடன் நெருக்குகிறது. இன்னொரு முறை அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு. இரண்டு முறையும் யோசிக்கும் திறனைச் சோதிக்கும் ஒரே மாதிரியான பரீட்சை. அதே ஆள், அதே மூளை. ஆனால் பணம் வந்த பிறகு தெளிவாக யோசித்தார்கள், தவறுகள் குறைந்தன. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. ஏழைகளுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால், இதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். பணக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அந்த அடைப்பு பிள்ளைகள் மேல்தான் இறங்குகிறது. குழுக் கடன் தவணை கட்ட வேண்டிய நாளில், பென்சில் கேட்ட பிள்ளைக்கு அடி விழுகிறது. வசூலுக்கு வந்தவர் கதவைத் தட்டும்போது, "அம்மா வீட்ல இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையை முன்னால் அனுப்புகிறோம். அம்மாவைக் காப்பாற்ற வேண்டியது தன் பொறுப்பு என்று அந்தப் பிள்ளை அன்றைக்கே முடிவு செய்துகொள்கிறது. பொய் சொல்வது தப்பு என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போது, அது எதை நினைத்துக்கொள்ளும்?

வறுமையும் வன்முறையும் ஒரே நாளில் வந்து மோதியதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள். அது எப்படி நடந்தது என்பது பற்றிய விவாதம் நீதிமன்றங்கள் வரை போனது. பிள்ளைகள் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு எளிது. கூலிக்குப் போன அப்பா பிணமாக வந்தார். ஊரே கூடி அழுதது. டிவிக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் போன பிறகு, அப்பா எப்படிச் செத்தார் என்ற கேள்வியோடு பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டியது அந்தப் பிள்ளைகள்தான்.

பெரியவர்கள் போட்ட கோடு

ஊர்ச் சண்டையில் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறோம். அவர்களுக்கு எல்லாம் தெரியும். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வேண்டும், யாரோடு சேரக் கூடாது என்பதையெல்லாம் பாடப்புத்தகம் திறப்பதற்கு முன்பே படித்துவிடுகிறார்கள்.

திருவண்ணாமலையை அடுத்த தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர் என்ற ஊர். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் சுமார் 80 ஆண்டுகளாக நுழைய முடியாமல் இருந்தார்கள். 2023 ஜனவரி 30 அன்று, மாவட்ட நிர்வாகத்தின் ஏற்பாட்டில், பலத்த போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். பெரியவர்களுக்கு அது உரிமை கிடைத்த நாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு அதில் இன்னொன்றும் தெரியும். 'சாமி கும்பிட எங்களுக்கு இத்தனை போலீஸ் வேணுமா?' எதிர்த்து நிற்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கேள்வி வரும். 'என் கூடப் படிக்கிறவன் உள்ளே வந்தா அம்மாவும் அப்பாவும் ஏன் இவ்வளவு கோபப்படுறாங்க?' இரண்டு கேள்விகளுக்கும் பெரியவர்கள் உட்கார்ந்து பதில் சொல்லாவிட்டால், பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பதிலைத் தேடிக்கொள்வார்கள். ஒருவனுக்கு அது அவமானமாகவும், இன்னொருவனுக்கு அது ஆத்திரமாகவும் மாறும்.

அது எங்கே போய் முடியும் என்பதைத் தமிழ்நாடு அதே ஆண்டு பார்த்தது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்த ஒரு பட்டியலின மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். அதற்கு முன் சில நாட்களாக அவன் பள்ளிக்கே போகாமல் இருந்தான் என்ற செய்தி பலரை உறுத்தியது. நன்றாகப் படிக்கிற பையன் திடீரென்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால், அதுதான் அவன் போடக்கூடிய அதிகபட்சச் சத்தம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பதெல்லாம் அதில் இருந்த பரிந்துரைகள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கயிற்றின் அர்த்தத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்ற கேள்வி வீட்டுக்கு வீடு கேட்கப்பட வேண்டியது.

அரிவாள் எடுத்தவனைச் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் சமாதானம் இல்லை. வெட்டுப்பட்டவனுக்கு நியாயம் கிடைக்காமல் மனக்காயம் ஆறாது. அதே நேரம், 17 வயதில் ஒரு கை அரிவாளைத் தூக்குகிறது என்றால், அதற்குப் பல வருடங்கள் முன்பே அந்தப் பிள்ளையை யாரோ கெடுத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

இலங்கைத் தமிழர்களிடம் இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதர்களை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று தொடர்ந்து எழுதி வந்தார். ஒருவரையொருவர் நம்புவது, விசேஷத்துக்குக் கூடுவது, துக்கத்துக்கு உட்காருவது எல்லாம் அறுந்துபோகின்றன. அதனால் மருந்தும் ஊருக்கே தேவைப்படுகிறது. பிள்ளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, தெருவை அப்படியே விட்டுவைத்தால் பலன் பாதிதான்.

ஒரே ஒரு ஆள் போதும்

இவ்வளவு படித்த பிறகு, 'அப்படியானால் இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை அவ்வளவுதானா?' என்று தோன்றலாம். அப்படி இல்லை.

ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, வீட்டுச் சண்டை எனப் பல கஷ்டங்களில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், எந்தப் பெரிய சிக்கலும் இல்லாமல் நல்ல மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குள் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, தன்மேல் அக்கறை காட்டிய ஒரு பெரிய மனிதர். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், ஓர் ஆசிரியை... யாரோ ஒருவர், வருடக்கணக்கில் மாறாமல் அங்கே இருந்தார்.

பணமும் உதவுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் செரோக்கி பழங்குடி மக்கள் பகுதியில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு, லாபத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் போனது. வறுமையிலிருந்து வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் கோபம், அடிதடி, சொல் கேளாமை எல்லாம் குறைந்ததை ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 2003-ல் எழுதினார்கள். பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது ஒரு காரணம். ஆனால் சோர்வும் பதற்றமும் அதே அளவு குறையவில்லை. பணம் வீட்டின் சத்தத்தைக் குறைக்கும். உள்ளே இருக்கும் பயத்துக்கு மனிதர்தான் வேண்டும்.

நம் ஊரிலும் இரண்டுக்கும் வழிகள் இருக்கின்றன. 2022-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தை வயிறு நிறையும் விஷயமாக மட்டுமே பார்க்கிறோம். ராத்திரி வீட்டில் என்ன நடந்திருந்தாலும் காலையில் ஒரு தட்டு சூடான உப்புமாவோ பொங்கலோ நிச்சயம் இருக்கும் என்பது, காவல் நின்ற உடம்புக்குக் கிடைக்கும் ஓய்வும்கூட. 2021-ல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் சாயங்காலம் தெருவிலேயே பாடம் சொல்லிக் கொடுத்த அக்காக்கள் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த 'ஒரு ஆளாக' இருந்திருப்பார்கள்.

அந்த ஒரு ஆளாக இருக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. வகுப்பில் தூங்கும் பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பதற்கு முன்னால், "ராத்திரி தூங்கினியாப்பா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். பதில் வராவிட்டால் பரவாயில்லை, நாளைக்கும் கேட்கலாம். அடித்துவிட்டு வந்த பிள்ளையிடம் "ஏன்டா அடிச்ச?" என்பதைவிட "என்ன ஆச்சு?" என்று கேட்டால் கதை வெளியே வரும். பிள்ளை சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லக் கூடாது. அடுத்த தடவை அது வாயே திறக்காது. வசூல்காரரிடம் பிள்ளையை அனுப்பாமல் நாமே போய் நிற்கலாம். பிள்ளை காதுபட அடுத்த சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்.

பயந்த பிள்ளைக்குத் திருநீறு போட்டு மந்திரிப்பது நம் வழக்கம். அந்த நேரத்தில் மடியில் உட்காரவைத்து நாலு பேர் கவனிக்கிறார்களே, அதுவே ஆறுதல்தான். அதைச் செய்யட்டும். ஆனால் தூக்கமின்மை, பாயை நனைப்பது, 'செத்துப்போயிடலாம்' என்ற பேச்சு, திடீரென்று பள்ளிக்கூடம் போக மறுப்பது எல்லாம் தொடர்ந்தால் மருத்துவரையும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளை அடிபடுகிறது, ஆபத்தில் இருக்கிறது என்றால் 1098. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்துவைக்கலாம்.

உங்கள் தெருவிலும் ஒரு 'திமிரு பிடிச்ச' பையன் இருப்பான், ஒரு 'ரொம்ப சமத்து'ப் பெண் இருப்பாள். இந்த வாரம் அவர்களிடம் அறிவுரை எதுவும் சொல்லாமல், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள்.